முதல் நூல் பெறுபவர்

“என் பணிக்காலத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பிறப்புகளைப் பதிந்து கொடுத்தேன். அவற்றில் நானூற்றுப் பதினொன்று உண்மை.”

என் மாமனாரின் நோட்டுப் புத்தகத்தில் ஒன்பதாம் பகுதி இப்படித்தான் தொடங்குகிறது. இந்த இரண்டு வரியைத் தட்டச்சு செய்துவிட்டு நேற்று மாலை மடிக்கணினியை மூடினேன். மிச்சத்தைக் கையெழுத்திலேயே படித்தேன். படித்து முடித்தபோது அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து வீடே நாறிக்கொண்டிருந்தது.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு எங்கள் வீடு அத்துப்படி. புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நான் உஷாராணி, கிள்ளானில் வாக்கப்பட்டவள். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரே சொல்லும், நானும் மறுப்பதில்லை. கணவர் ராஜன் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். இன்றைக்கு ஜொகூரில் இருக்கிறார். மாமனார் ரெங்கசாமி, கேரி தீவுத் தோட்டமொன்றில் முப்பத்திரண்டு வருஷம் டிரெசர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவது, லைன் வீடுகளில் பிள்ளை பிறந்தால் பிறப்புப் பதிவுப் பாரத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது, எல்லாம் அவர் கைதான்.

எழுபத்து நான்கு வயதில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுத உட்கார்ந்தார். அவர் எழுத, நான் தட்டச்சு செய்ய, என் நாத்தனார் ஷாமினி அண்ணி பிழை திருத்த, எட்டுப் பகுதிகள் சுமுகமாகவே போயின. அண்ணி பூச்சோங் பக்கம் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அப்பா புத்தகம் போடுகிறார் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. அடுத்த ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் மண்டபம் எடுத்தாயிற்று. இன்று மாலை ஐந்து மணிக்குள் முழுப் புத்தகமும் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

பொய்யாகப் பதிந்த அந்த ஒரே பிறப்பு, ஷாமினி அண்ணியுடையது.

மாமா ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். எண்பத்தேழில், பிள்ளையில்லாமல் அவரும் அத்தை இராஜம்மாவும் தவித்துக்கொண்டிருந்த நேரம். தோட்டத்தில் தனலெட்சுமி என்று ஒரு பெண், பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. ஐ.சி. என்கிற அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், எதுவுமே கிடையாது. அவள் அப்பன் ஆத்தாளுக்கும் கிடையாது. பத்திரமில்லாத தாயின் பிள்ளைக்கு இங்கே குடியுரிமையும் கிடையாது. அவளுக்குப் பிறந்த பெண் குழந்தையை மாமா தூக்கிக்கொண்டார். பாரத்தில் தாய் இராஜம்மா, தகப்பன் ரெங்கசாமி என்று எழுதி, கீழே டிரெசர் ரெங்கசாமி என்று கையெழுத்தும் போட்டார். மூன்று வருஷம் கழித்து ராஜன் பிறந்தது தனிக்கதை.

நீங்களே சொல்லுங்கள். அண்ணியின் ஐ.சி., அரசாங்க வேலை, பத்து வயது மகன் தனேஷின் பத்திரங்கள், எல்லாமே அந்த ஒரு தாளின் மேல் நிற்கின்றன. அதை உருவினால் என்ன ஆகும்? நினைத்து நினைத்து எனக்கு ராத்திரி முழுக்கக் கண் பொருந்தவில்லை.

காலையில் மாமா குளித்து, விபூதி பூசி, பசியாற உட்கார்ந்தார். தோசையைத் தட்டில் போட்டேன்.

“மிச்சத்த அடிச்சிட்டியாம்மா? சொக்கலிங்கம் ரெண்டு தடவ போன் அடிச்சிட்டான்.”

சொக்கலிங்கம் அச்சகக்காரர்.

“ஒம்போதாவத அடிக்க மாட்டேன் மாமா.”

அவர் தோசையைப் பிய்த்த கையோடு நிமிர்ந்தார். “ஏன்?”

“ஏன்னு என்னையே கேக்குறீங்களா? அண்ணிக்கு இது தெரியுமா?”

“புத்தகம் வந்தா தெரிஞ்சுக்கும்.”

“நல்லா இருக்கு லா நீங்க பேசுறது! மண்டபத்துல இருநூறு பேரு கறிபாப் தின்னுக்கிட்டே படிப்பாங்க. அவங்களோட ஒரு ஆளா உங்க மகளும் படிச்சுத் தெரிஞ்சுக்கணுமா?”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“வாழ்க்க வரலாறுன்னா என்னம்மா? நல்லத மட்டும் போடுறதுக்கு அது என்ன கல்யாணப் பத்திரிகையா? போன வருஷம் தீமிதிக்குப் போனேன். அங்க தனலெட்சுமியப் பாத்தேன். ‘புள்ள நல்லா இருக்கா டிரெசரய்யா’ன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டுச்சு. அன்னையிலேருந்து எனக்குத் தூக்கமில்ல. பொய்ய மூடி வெச்சிட்டு எழுதுனா அது என் கதையே இல்ல.”

“இது உங்க கதையா மாமா? எழுதுறது நீங்க. பொறந்தது அவங்க.”

“கையெழுத்துப் போட்டது நான். பாவமும் என்னுது.”

“அப்ப நீங்க தாராளமாக் கழுவிக்குங்க. கழுவுற தண்ணிய யாரு தலையில ஊத்துறீங்கன்னு பாத்து ஊத்துங்க.”

பெரிய மனிதரிடம் பேசுகிற பேச்சா இது? இல்லைதான். பேசிவிட்டேன். அவர் கை கழுவிக்கொண்டு எழுந்தார். அலமாரியில் இருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார்.

“ஒம்போது இல்லன்னா புத்தகமே வேணாம். நீ அடிக்கலன்னா நானே பஸ் ஏறிப் போயி அச்சகத்துல குடுத்துடுவேன்.”

செய்வார். அவரைப் பற்றி எனக்குத் தெரியும்.

ராஜனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. லோரி ஓட்டும்போது எடுக்கமாட்டார், எடுத்தாலும் இதைப் போனில் எப்படிச் சொல்வது? அவருக்கே தெரியாது, தன் அக்கா எப்படி அக்கா ஆனாள் என்று.

பத்து மணிக்குச் சமையலறைக்குப் போனேன். அத்தை, ஒரு தட்டு நிறைய நெத்திலியைப் பரப்பி வைத்துத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், “அத்தை, மாமா ஒம்போதாவது பகுதியில தோட்டத்துப் பிள்ளப்பேறு பத்தி எழுதியிருக்காரு” என்றேன்.

அத்தையின் விரல்கள் நின்றன.

“அவ பேரப் போட்டிருக்காரா?”

யார் பேர் என்று நான் கேட்கவில்லை. போட்டிருக்கிறார் என்று தலையை ஆட்டினேன்.

அத்தை அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் வெளுத்து, உதடு மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. எனக்குப் பயமாகிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன், தள்ளிவிட்டார்.

“அம்பாங்குல எங்க அக்கா வீட்டுல நாலு மாசம் அடைஞ்சு கெடந்தேன் உஷா. வாசலுக்கு வரல. தோட்டத்துல எல்லார்கிட்டயும், ‘இராஜம்மாவுக்கு உடம்பு லேசு இல்ல, பிரசவம் அங்கதான்’னு சொல்லி வெச்சாரு. நான் பெறல, சரி. ஆனா ஷாமினிக்கு வெக்க, அம்ம, காமால, எல்லாத்துக்கும் முழிச்சிருந்தது யாரு? பத்து வயசுல கிணத்தடியில வழுக்கி விழுந்து கையி ஒடைஞ்சப்ப நான்தான் தூக்கிட்டு ஓடுனேன். அதெல்லாம் அந்தப் புத்தகத்துல இருக்கா?”

நான் எட்டுப் பகுதியையும் தட்டச்சு செய்தவள். நன்றாக யோசித்துப் பார்த்தேன். அத்தையைப் பற்றி மொத்தம் நான்கு இடத்தில் வருகிறது. ‘என் மனைவியும் உடன் வந்தாள்’ என்கிற மாதிரி.

“இல்ல அத்தை.”

“அப்புறம் என்ன வரலாறு அது?” என்றார். மறுபடி நெத்திலியை எடுத்தார். ஒரு தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, “ஷாமினி காதுக்குப் போகக் கூடாது. நீ என்ன பண்ணுவியோ தெரியாது. நான் செத்த பின்னாடி என்ன எழவ வேணும்னாலும் போட்டுக்கட்டும்” என்றார்.

சரி என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கு கொடுக்கும்போது இதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மாலை வரைக்கும் மாமாவை வீட்டுக்குள் வைத்திருந்தால் போதும், அதற்குள் ராஜன் வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மாமாவின் குடையையும் பஸ் அட்டையையும் எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சிரிக்காதீர்கள். அந்த நேரத்துக்கு என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

மூன்று மணிக்கு வாசலில் காடி வந்து நிற்கும் சத்தம். எட்டிப் பார்த்தால், ஷாமினி அண்ணி. பள்ளிக்கூடப் புடவையோடு, தோளில் பை, கையில் திருத்திய தாள்கள். பள்ளி முடிந்து நேராக வந்திருக்கிறார். வழக்கமாக வாசலிலேயே “உஷா, தண்ணி கலக்கு, தொண்ட வறண்டுபோச்சு” என்று குரல் கொடுப்பவர். இன்றைக்குக் குரலே இல்லை. செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தார்.

“எட்டும் திருத்திட்டேன்” என்று தாள்களை மேசையில் வைத்தார். “ஒம்போது எங்க?”

“இன்னும் அடிக்கல அண்ணி. கரண்ட்டு போயிடுச்சு.”

தலைக்கு மேலே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அதை அண்ணாந்து பார்த்தார்.

மாமா அறையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டு மடியில் இருந்தது. அத்தை சமையலறை வாசலில் நின்றார். நான்கு பேரும் இருக்கிற வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“அப்பா, நேத்து அழைப்பிதழ எல்லா குரூப்புலயும் போட்டிருக்கீங்க” என்றார் அண்ணி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றிலிருந்து நான் எந்தக் குரூப்பையும் திறந்தே பார்க்கவில்லை. அவசரமாக எடுத்துத் திறந்தேன். மாமாவின் படம், மண்டபத்தின் பெயர், வரவேற்புரை, வாழ்த்துரை. அதற்குக் கீழே ஒரு வரி.

முதல் நூல் பெறுபவர்: தனலெட்சுமி, கேரி தீவு.

நம் ஊர் வெளியீட்டு விழாக்கள் உங்களுக்குத் தெரியும்தானே. முதல் நூலை டத்தோ பட்டக்காரர் ஒருவர் வாங்குவார், இல்லையென்றால் சங்கத் தலைவர் வாங்குவார். மாலை, பொன்னாடை, படம் எல்லாம் அவருக்குத்தான். வீட்டில் இருக்கிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவோம். அந்த மேடைக்கு மாமா, தனலெட்சுமியைக் கூப்பிட்டிருக்கிறார். பெத்தவளுக்கு மேடை, வளர்த்தவளுக்கு முன்வரிசை நாற்காலி. நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். இந்த மனுஷனை என்ன செய்வது?

“யாருடி அது?” என்று அத்தை என்னைக் கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. வாசற்காலைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார்.

அண்ணி அம்மாவைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

“கேரி தீவுலேருந்து ஒரு அம்மா தனியா எப்படி வருவாங்கன்னு நினைச்சேன். ஏற்பாட்டுக் குழுவுல நம்பர் வாங்கி, காலையில நானே போன் பண்ணேன். ‘ஆன்டி, காடி அனுப்பவா’ன்னு கேட்டேன். ‘நீ யாரும்மா பேசுறது’ன்னாங்க. ‘டிரெசர் மக, ஷாமினி’ன்னு சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன். அப்புறம் அழுவுறாங்க. ‘உனக்கு இந்த ஆவணி வந்தா முப்பத்தெட்டு முடியுது’ன்னாங்க.”

அண்ணி புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“‘இல்ல ஆன்டி, என் பொறந்தநாளு நவம்பர்’னு சொன்னேன். உடனே, ‘ஐயோ, மன்னிச்சுரும்மா, தெரியாமச் சொல்லிட்டேன்’னு போன வெச்சிட்டாங்க. திருப்பி அடிச்சேன், எடுக்கல. நாலு பீரியடு பாடம் நடத்துனேன். என்ன நடத்துனேன்னே தெரியல.” அண்ணியின் குரல் இப்போது உடைந்தது. “அப்பா, நான் என்னைக்குப் பொறந்தேன்?”

நான் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் என்னிடம் அவ்வளவு தெளிவாகப் பேசியவர். இருநூறு பேர் முன்னால் மைக் பிடித்துப் பேசத் தயாராக இருந்தவர். பெற்ற பிள்ளைக்கும் மேலாக வளர்த்த மகள் நேருக்கு நேர் கேட்டபோது, ஒரு தேதியைச் சொல்ல முடியவில்லை. மடியில் இருந்த நோட்டை எடுத்து மேசையின் மேல் அண்ணியின் பக்கம் நகர்த்தினார்.

“எல்லாம் எழுதியிருக்கேன்மா. படி.”

அண்ணி அதைத் தொடவில்லை.

“நான் உங்க வாசகி இல்லப்பா. உங்க மக. என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் தலை குனிந்துகொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ஊர்ப் பிள்ளைகளின் பிறப்பையெல்லாம் எழுதியவருக்கு, எழுதத்தான் தெரியும் போலிருக்கிறது.

பதில் தரையிலிருந்து வந்தது.

“ஆகஸ்டு இருவத்தி மூணு” என்றார் அத்தை. “ஞாயித்துக்கெழம. விடியக்கால நாலு மணி. நல்ல மழையாம். நான் பாக்கல. நீ என் கையிக்கு வந்தப்ப உனக்கு ஆறு நாளு. உடனே பதிஞ்சா, நான் தோட்டத்த விட்டுப் போன கணக்கு ஒதைக்கும்னு உங்கப்பா நவம்பர்ல பதிஞ்சாரு. உன்ன தோட்டத்துக்குக் கொண்டு போனப்ப எல்லாரும், ‘ஒரு மாசத்துப் புள்ள தல நின்னு சிரிக்குதே, டிரெசர் வீட்டுல என்ன டானிக்கு குடுக்குறாங்க’ன்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரல. பயந்து பயந்து தூக்கிட்டு அலைஞ்சேன். யாராச்சும் வந்து கேட்டுருவாங்களோன்னு. நேத்து வரைக்கும் பயந்துக்கிட்டுதான் இருந்தேன்.”

அண்ணி நகரவில்லை. அத்தை கையை நீட்டினார். அந்தக் கையை அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார். நான் கும்பிடாத சாமி இல்லை அந்த ஒரு நிமிஷத்தில். பிறகு, பள்ளிக்கூடப் புடவையோடு தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தை வைத்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அத்தை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நானும் அழுதேன். சொல்ல என்ன வெட்கம்?

கொஞ்ச நேரத்தில் அண்ணி நிமிர்ந்தார். அவர் ஆசிரியை. ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்புப் பதிவின்போது பத்திரம் இல்லாத பிள்ளைகளைப் பார்ப்பவர். கேள்வி நேராக அங்கேதான் போனது.

“அவங்களுக்கு ஐ.சி. இருந்துச்சா?”

அத்தை இல்லை என்று தலையை ஆட்டினார்.

“அப்ப என் சூராட் பெரானாக்?” என்றார். பிறப்புப் பத்திரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். “அதுல இருக்கிறது எல்லாம் பொய்யா? அப்ப நான் இந்த நாட்டுல யாரு? தனேஷ்? தனேஷோடது என்னோடத வெச்சுதானே எடுத்தோம்?”

“ஒன்னும் ஆகாது அண்ணி” என்று குறுக்கே பாய்ந்தேன். “இது வீட்டுக்குள்ள நாலு பேருக்குத் தெரியும். வெளியில அந்தத் தனலெட்சுமியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இத்தன வருஷம் வாயத் தொறக்காதவங்க இனியும் தொறக்க மாட்டாங்க. புத்தகம் வந்தாத்தானே ஊருக்குத் தெரியும்?”

மணி நாலே முக்கால். மாமாவின் சம்மதத்துக்கு நான் காத்திருக்கவில்லை. சொக்கலிங்கத்துக்குப் போன் அடித்தேன்.

“பாஸ், அந்தப் புத்தக வேலைய நிறுத்துங்க.”

“என்னக்கா வெளயாடுறீங்களா? அட்ட அடிச்சாச்சு. ஒம்போதாவதுக்குத்தான் ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

“அட்ட இருக்கட்டும் லா. உள்ள ஒரு பக்கம்கூட அடிக்கக் கூடாது. விழாவும் இல்ல. மீதிய என் வீட்டுக்காரரு வந்து பேசுவாரு.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார். போனை வைத்தேன். மேசையில் கிடந்த நோட்டை எடுத்து அண்ணியின் கையில் கொடுத்தேன். “கிழிப்பீங்களோ எரிப்பீங்களோ, உங்க இஷ்டம்” என்றேன். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அத்தைகூட முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கோப்பி போடு உஷா” என்றார். நான் எழுந்தேன்.

மாமா தடுக்கவில்லை. சண்டைக்கு வரவில்லை. பஸ் ஏறிப் போய்க் கொடுப்பேன் என்ற பிடிவாதமெல்லாம் எங்கே போனதோ, நாற்காலியிலேயே சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது. சமையலறைக்குள் போகாமல் நின்றேன்.

“புத்தகத்த நிறுத்திட்டீங்க. சரி” என்றார். மாமா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். “ஷாமிம்மா… புத்தகத்துல மட்டும் உண்மைய எழுதிட்டு, பதிவு ஆப்பிசுக்குச் சொல்லாம இருந்தா அதுவும் பொய்தானேன்னு நினைச்சேன். லெட்டர் போட்டுட்டேன்மா.”

“என்ன லெட்டர்?” என்றார் அண்ணி.

“அந்தப் பாரம் பொய்யின்னு. நான்தான் எழுதுனேன்னு. கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டர் தபால்ல. பத்து நாளு ஆச்சு. போய்ச் சேந்துடுச்சுன்னு நேத்து சீட்டும் வந்துடுச்சு.”

அத்தை, “அடப்பாவி மனுஷா” என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அண்ணி தரையிலிருந்து மெல்ல எழுந்து நின்றார். அழுகை நின்றுபோயிருந்தது.

“என் பேர எழுதுனீங்களா?”

மாமா அப்போதுதான் முதல்முறையாக மகளின் முகத்தைப் பார்த்தார்.

“முழுப் பேரும்” என்றார். “ஐ.சி. நம்பரோட.”